இன்னும் தொடரும் இற்செறிப்பு

மரக்காணம் உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பில் நடந்து, மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். உப்புநீர் குதிகால் வெடிப்பில் இறங்கி எரியும். வரப்பு வழுக்கும். அதன்மேல் சுமையோடு ஓட்டமும் நடையுமாகப் போகிற பெண்ணைப் பார்த்து, “பொம்பளைக்கு இது எதுக்கு?” என்று ஒருவரும் கேட்டதில்லை.

அப்படி உப்பு சுமக்கும் ஒருவரின் மகள் கல்லூரியில் நெட்பால் ஆட வந்தாள். கேள்வி அன்றே தொடங்கியது.

நான் தமிழ் நடத்துகிறவள். என் வகுப்பு மாணவி பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானபோது, சம்மதக் கையெழுத்துக்காக அவள் வீட்டுக்குப் போனேன். வெளிமாநிலப் போட்டி, இரண்டு நாள் ரயில். “வெயில்ல ஆடி கறுத்துடுவா, நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றார் மாமா. பக்கத்திலேயே அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். இருபது வருட உப்பள வெயில் அவர் முகத்தில் இருந்தது. அந்தக் கறுப்பு யாருக்கும் உறுத்தவில்லை. அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “அங்க சோறு ஒழுங்கா போடுவாங்களா டீச்சர்?” கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெண் உடல் உழைக்கலாம், சுமக்கலாம், பெறலாம். தன் மகிழ்ச்சிக்காக ஓடக் கூடாது. இதுதான் சட்டம். இதற்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: இற்செறிப்பு. வயது வந்த பெண்ணை வீட்டுக்குள் அடைத்தல். சங்க இலக்கியம் இதைப் பதிவு செய்கிறது, எதிர்க்கவும் செய்கிறது. நற்றிணை 68ஆம் பாட்டில் தோழி, விளையாடும் வயதுப் பெண்களை ஓரை ஆடவிடாமல் அடைத்து வைப்பது நியாயமுமில்லை, குடும்பத்துக்கு நல்லதுமில்லை என்று வாதாடுகிறாள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்ப்பக்கம்தான் என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள், இந்தத் தோழியை மட்டும் மேடையேற்றுவதில்லை.

நெட்பாலும் அடக்கத்துக்குள் பிறந்த ஆட்டம்தான். 1890களில் இங்கிலாந்தில் உடற்பயிற்சி ஆசிரியர்களாகப் பயின்ற பெண்கள், நீளப் பாவாடையோடு ஆடத் தோதாகக் கூடைப்பந்தை மாற்றி அமைத்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. ஒவ்வொருத்திக்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டக் கூடாது. கைக்கு வந்த பந்தை மூன்று நொடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டுக்குள்ளேயே பெண்கள் வேகத்தையும் உயரத்தையும் வளர்த்தார்கள்.

ஈழத்தில் இதை வலைப்பந்தாட்டம் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் ஏறக்குறைய ஆறடி பத்து அங்குலம். அந்த உயரத்துக்காகவே சிறுவயதில் கேலிக்கு ஆளானவர். அதே உயரம் 2009இலும் 2018இலும் இலங்கைக்கு ஆசியக் கோப்பையை வாங்கித் தந்த அணிகளில் நின்றது. 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் அதிக கோல் போட்டவர் அவர். ஆஸ்திரேலியாவிலும் கிளப்புக்கு ஆடினார். நம் ஊரில் அப்படி ஒரு பெண் பிறந்தால் மாப்பிள்ளை உயரத்தைத்தான் முதலில் அளப்போம்.

“பல்கலைக்கழகப் போட்டிதான் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?” என்கிறார்கள். அது சில நாள் போட்டி. லீக் என்பது வேறு. மாதக்கணக்கில், வாரந்தோறும் ஆட்டம். தோற்றால் அடுத்த வாரம் சரிசெய்யலாம். இங்கிலாந்தின் தேசிய நெட்பால் லீக்கில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் அணி 2021இலும் 2023இலும் பட்டம் வென்றது. பாத் பல்கலைக்கழகத்தின் அணி ஐந்து முறை வென்றது. ஆனால் 2025இல் லீக்கைத் தொழில்முறைக்கு மாற்றி அமைத்தபோது பாத் அணிக்கு இடமில்லை. வளர்த்தவர்களைப் பணம் வெளியே நிறுத்தும் என்பதையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே கடற்கரையில் தெற்கே இறங்கினால் கடலூர். அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடினார். 2018-19 இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்.சி.யிலும் ஆடினார். லீக் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தப் பெண்களை நாடு பார்த்தது.

என் மாணவி போய் ஆடிவிட்டுத் திரும்பினாள். அணி தோற்றிருந்தது. “சர்டிஃபிகேட் வந்துடுச்சில்ல, இனிமே படிக்கச் சொல்லுங்க” என்றார் கல்லூரியில் ஒருவர். மூன்று வருடம் முடிந்ததும் அவள் ஆட்டமும் முடிந்தது. அதற்குப் பின் ஆட அவளுக்கு அணியில்லை, மைதானமில்லை, சம்பளமில்லை.

பாதுகாப்பு என்று சொல்லித்தான் எப்போதும் பூட்டுகிறார்கள். விடியாத இருட்டில் உப்பளத்துக்கு நடக்கும் பெண்ணுக்கு எவர் பாதுகாப்புத் தந்தார்? மைதானத்தில் விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, பெண் பயிற்சியாளர், வீடுவரை பேருந்து: பாதுகாப்பு என்றால் இவைதான். பட்டம் வாங்கிய பின்னும் ஆட ஒரு லீக்கும், அதற்கொரு ஊதியமும் சேரவேண்டும். இவற்றைக் கேட்கும் மனுவில் உங்கள் கல்லூரியிலும் யாராவது முதல் கையெழுத்துப் போடவேண்டும்.

மரக்காணத்தில் ஓர் அம்மா ஏற்கெனவே போட்டுவிட்டார்.