முழுசாக ஒரு படம்

சினிமா படிக்கும் எங்கள் வகுப்பின் டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டு ஹவரில் 'திரையிடல்' என்று போட்டிருக்கிறது. ஹவருக்கு ஐம்பது நிமிடம். விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 89 நிமிடம்தான், தாராளமாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். புரொஜெக்டர் அறைச் சாவியைத் தேடி ஒருவர் ஓடி, கேபிள் பொருந்தாமல் வேறு லேப்டாப் வாங்கி வந்து, அட்டென்டன்ஸ் எடுத்து, படம் தொடங்கவே இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. சைக்கிளைப் பறிகொடுத்த அந்தோனியோ, மகனை டிராமில் ஏறிப் போகச் சொல்லிவிட்டு, சுவரோரம் தனியாக நிற்கும் ஒரு சைக்கிளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அந்த இடத்தில் பெல் அடித்தது. காலேஜ் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இரவாகிவிடும். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். "மிச்சத்தை வீட்ல பாத்துக்குங்கப்பா" என்றார் சார்.

எது மிச்சம்? பறிகொடுத்தவனே திருடப் போகிறான். பெற்ற பிள்ளையின் கண்ணெதிரே பிடிபட்டு அறை வாங்குகிறான். சைக்கிள்காரர் மனம் இளகி விட்டுவிடுகிறார். அழுதுகொண்டு நடக்கும் அப்பாவின் கையைப் பையன் பிடித்துக்கொள்கிறான். அதற்காகத்தானே அதுவரை ரோமாபுரித் தெருவெல்லாம் அவர்களோடு அலைந்தோம்? அதைப் பார்க்காதவர்களுக்கு அது ஒரு சைக்கிள் தொலைந்த கதை, அவ்வளவுதான். அடுத்த இன்டர்னல் தேர்வில், இந்தப் படம் சார்ந்த நியோரியலிசத்தின் இயல்புகளைப் பற்றிக் கேள்வி வந்தது. கடைசிக் காட்சியைப் பார்க்காதவர்களும் நோட்ஸைப் படித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மற்ற நாட்களைக் குறை சொல்ல மாட்டேன். லைட்டிங் லேபில் நிறையக் கற்றுக்கொள்கிறோம். எடிட்டிங் எடுக்கும் மேடம் நேரம் போவது தெரியாமல் சொல்லித் தருவார். ஆனால் படம் என்று வரும்போது எல்லாமே துண்டுதான். 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' என்றால் ஒடெசா படிக்கட்டு மட்டும். 'ரஷோமோன்' என்றால் காட்டுக்குள் மரவெட்டி நடக்கும் காட்சி மட்டும். ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 136 நிமிடம். நேரமில்லை என்று ஆளில்லாத ஷாட்டுகளை ஓட்டிவிட்டார்கள். புகைபோக்கிகளும் வெறும் வராந்தாவும் வந்து நிற்கிற அந்த நேரத்தில்தான் கதையில் வரும் முதிய தம்பதியின் தனிமை நம் மீது இறங்குகிறது. அதை ஓட்டிவிட்டு ஓசுவை எப்படிச் சொல்லித் தர முடியும்? போதாததற்கு, ஏறக்குறைய சதுரமாக எடுத்த படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்துப் போட்டு வைத்தார்கள். முகங்களெல்லாம் பக்கவாட்டில் வீங்கித் தெரிந்தன. ஃப்ரேமிங் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தும் இடத்தில் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. சன்னல்களுக்குத் திரைச்சீலையும் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பே இல்லை, சாம்பல்தான்.

தமிழ்ப் படம் என்றால் நிலைமை இன்னும் மோசம். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' போட்டார்கள். டிவியிலிருந்து எடுத்த பிரதி; ஓரத்தில் சேனல் முத்திரை. ஆற்றங்கரையில் ஊரே கூடி நிற்கிற அந்தக் கடைசிக் காட்சியில், அசோக்குமாரின் ஒளிப்பதிவு வெளுத்துப்போய்க் கிடந்தது. இதற்கு எங்கள் துறையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நல்ல பிரதிக்கு எங்கே போவது? நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' இல்லை. தன்னுடைய 'வீடு' படத்துக்கு நெகட்டிவே இல்லாமல் போனதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார் பாலு மகேந்திரா. தமிழகத்துக்கென்று ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே 2014-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்டது இவ்வளவு பேர் சினிமாவால் வாழும் ஊரில்!

புனேயில் பி.கே. நாயர் என்ற மனிதர் இருந்தார். 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுத்தவர். படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்; சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் பக்கத்திலிருந்த திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தலைமுறையில் அங்கே படித்து இயக்குநரானவர்கள் இன்றும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். பாடத்திட்டத்தில் அவர்கள் படித்தது எங்களுக்கும் கிடைக்கிறது. இருட்டில் உட்கார்ந்து முழுப் படம் பார்த்தார்களே, அது கிடைக்கவில்லை.

வெளியே போய்ப் பார்க்கலாம் என்றால், சென்னை சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பரில் வருகிறது. எங்களுக்குச் செமஸ்டர் தேர்வும் அதை ஒட்டித்தான். வகுப்பு நாளில் போனால் அட்டென்டன்ஸ் போய்விடும். சினிமா படிக்கிற பிள்ளை திரைப்பட விழாவுக்குப் போவதை ஏன் 'ஆப்சென்ட்' என்று எழுத வேண்டும்? விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு 'ஆன் டியூட்டி' கொடுக்கிறார்களே, எங்களுக்கும் கொடுக்கக் கூடாதா?

நாங்கள் கேட்பதற்குப் பெரிய செலவில்லை. வெள்ளிக்கிழமை மதியத்தில் இன்னொரு ஹவரைச் சேர்க்க வேண்டும், மூன்றும் இடைவெளியில்லாமல். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி வேண்டும். லேப்டாப் ஸ்பீக்கர் போதாது, ஆடிட்டோரியத்தில் சும்மா கிடக்கும் ஸ்பீக்கர்களைத் தரலாம். படத்தை அதன் அளவிலேயே போட வேண்டும். பெயர்ப் பட்டியல் முடியும்வரை விளக்கைப் போடக் கூடாது. இதையெல்லாம் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அனுமதி கிடைத்தால் முதல் படமாக 'பைசைக்கிள் தீவ்ஸ்' வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம், முதலிலிருந்து.