வாகையும் தும்பையும்

கூடைப்பந்துப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. பந்தைப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. பந்தைப் பார்க்கிறவர்களைப் பார்க்கிறவர்கள் மற்றொரு வகை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். பந்து எந்தக் கூடையில் விழுந்தது என்று என்னைக் கேட்டால் விழிப்பேன். ஆனால் விழுந்தபோது எந்த மூலையில் எத்தனை துண்டுகள் ஆகாயத்தில் பறந்தன என்று கேளுங்கள், சொல்லிவிடுவேன்.

தருமபுரி ஜில்லாவில் அண்மையில் அப்படி ஒரு பந்தயத்துக்குப் போயிருந்தேன். இரண்டு கலாசாலைகள் மோதின. பெயர்கள் வேண்டாம். ஒரு கட்சிக்குப் பறை. மறு கட்சிக்கு விசில். ஒரு பக்கம் நீலத் துண்டு. மறுபக்கம் சிவப்புத் துண்டு. என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பேரன் ஆடுகிறானாம். பறை ஒலிக்குத் தகுந்தபடி அவருடைய தலையும் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் அவர் என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, இந்தக் கூச்சலும் கும்மாளமும் இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

நான் பதில் யோசிப்பதற்குள் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. அதுவரையில் தங்கள் கட்சியைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள் எதிர்க்கட்சியை இகழ ஆரம்பித்தார்கள். முதலில் ஆட்டக்காரனின் உயரம். பிறகு அவனுடைய ஊர். அதற்கும் பிறகு ஊரில் அவனுடைய தெரு. பெரியவரின் தலையாட்டம் நின்றுவிட்டது. பேரன் ஜயித்தானா தோற்றானா என்றுகூடப் பார்க்காமல் அவர் எழுந்து போய்விட்டார்.

அவருக்குச் சொல்லத் தவறிய பதிலை வாசகர்களிடமாவது சொல்லிவிடலாமென்றுதான் இதை எழுதுகிறேன்.

பதில் வெகு தூரத்தில் இல்லை. தருமபுரியிலேயே அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் நடுகற்களாக நிற்கிறது. பழைய தகடூர் நாடு நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்து வீரர்கள் வில்லும் வாளுமாக அந்தக் கற்களில் நிற்கிறார்கள். அவர்களில் பலர் பேரரசுகளுக்காக இறந்தவர்கள் அல்லர். பக்கத்து ஊரார் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனபோது, அதை மீட்கப் போய் உயிர்விட்டவர்கள். ஊருக்கும் ஊருக்கும் இருந்த போட்டியின் மிகப் பழைய கணக்குப் புத்தகம் அது.

அந்தப் போட்டிக்கும் வர்ணம் இருந்தது. மாட்டைக் கவரப் போகிறவன் வெட்சிப் பூச் சூடுவான். மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான். கோட்டையை முற்றுகையிடுகிறவனுக்கு உழிஞை. உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சி. ஜயித்தவனுக்கு வாகை. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றையெல்லாம் இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கிறது. "வாகை சூடியது" என்று இன்றைக்கும் பத்திரிகைகள் பந்தயச் செய்திக்குத் தலைப்புக் கொடுக்கின்றனவே, அந்த வாகை இந்த வாகைதான். நீலத் துண்டும் சிவப்புத் துண்டும் நேற்று முளைத்தவை அல்ல, பெரியவரே!

கூடைப்பந்தின் கதை வேறு. அது 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. பெற்றவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடா தேசத்து உபாத்தியாயர். வெளியே பனி, உள்ளே அடங்காத பதினெட்டு வாலிபர்கள். அவர்களை மேய்க்கும் பொறுப்பு இவருடையது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதனால்தான் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிறார்கள் என்று அவர் கண்டார். ஆகவே பந்தோடு ஓடக்கூடாது என்று விதித்தார். இலக்கைத் தலைக்கு மேலே உயர வைத்தால் பந்தை முரட்டுத்தனமாக எறியாமல் பக்குவமாகப் போடவேண்டியிருக்கும் என்று எண்ணி, பீச்சுப் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மேல்மாடத்தில் அடிக்கச் சொன்னார். விதிகள் மொத்தம் 13. முரட்டுத்தனத்தை ஒழிப்பதற்கென்றே உண்டாக்கிய ஆட்டம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆட்டத்தை அவர் அடக்கினார். ஆட்டத்தைச் சுற்றி நின்றவர்களை அடக்க அவராலும் முடியவில்லை. 1898-இல் நெய்ஸ்மித் கான்ஸாஸ் சர்வகலாசாலைக்கு வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு முன்பே ஒரு கோஷம் போய்க் காத்திருந்தது. 1886-இல் பெய்லி என்ற ரஸாயனப் பேராசிரியர் தம்முடைய விஞ்ஞான சங்கத்துக்காக அதை இயற்றினார். அந்தச் சர்வகலாசாலை இருக்கும் குன்றில் சுண்ணாம்புப் பாறை மிகுதி. ஆகையால், பிற்பாடு, 'பாறை, சுண்ணாம்பு' என்ற பொருள்பட 'ராக் சாக்' என்று அந்தக் கோஷம் தொடங்கலாயிற்று. கூடைப்பந்து பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே கூடைப்பந்துக்கான கோஷம் பிறந்துவிட்டது! இன்றைக்கும் வெற்றி நிச்சயமாகிவிட்ட கடைசி நிமிஷங்களில், கான்ஸாஸ் மாணவர்கள் அதைக் கோயில் ஓதுவார் மாதிரி நிதானமாக இழுத்து இழுத்துச் சொல்கிறார்கள்.

யாரை எதிர்த்து? பல எதிரிகள் உண்டு. பரம்பரை எதிரி பக்கத்து ராஜ்யமான மிசௌரி. 1854-இல் கான்ஸாஸ் பிரதேசத்தில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறினவர்களே தீர்மானிக்கலாமென்று சட்டம் வந்தது. அடிமை முறையை ஆதரித்த மிசௌரிக்காரர்கள் எல்லை தாண்டி வந்து வோட்டுப் போட்டார்கள்; பிறகு துப்பாக்கியுடன் வந்தார்கள். கான்ஸாஸ்காரர்களும் எல்லை தாண்டிப் போனார்கள். 1861-இல் ஓஸியோலா என்ற ஊரைச் சூறையாடினார்கள். 1863 ஆகஸ்டு 21-ஆம் தேதி காலையில் குவான்ட்ரில் என்பவனுடைய சுமார் 400 பேர் கொண்ட கூட்டம், பின்னாளில் சர்வகலாசாலை எழுந்த அதே லாரன்ஸ் நகரத்தில் புகுந்தது. ஆண்களும் சிறுவர்களுமாக சுமார் 150 பேரைக் கொன்று ஊரைக் கொளுத்திவிட்டுப் போயிற்று.

அந்தச் சண்டையின் பெயர்களே இன்றைய ஆட்டக் கோஷ்டிகளின் பெயர்கள். கான்ஸாஸ் கோஷ்டியின் பெயரான 'ஜேஹாக்' என்பது அந்நாளைய எல்லைக் கொள்ளைப் படையின் பெயரிலிருந்து வந்தது. மிசௌரி கோஷ்டிக்குப் 'புலி' என்ற பெயர் வந்ததோ, கொளம்பியா நகரைக் கொள்ளையரிடமிருந்து காக்கத் திரண்ட ஊர்க்காவல் படையினால். நம்முடைய வெட்சியும் கரந்தையும்தான், வேறு பெயரில்! 1907-இல் இரண்டு கலாசாலைகளும் முதன்முறையாகக் கூடைப்பந்தில் எதிர்ப்பட்டன. அப்போது கான்ஸாஸுக்கு ஆசான் நெய்ஸ்மித்தே. அந்தக் கலாசாலையின் ஆசான்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவர்தான் என்பது வேடிக்கை.

நெடுங்காலம் இந்தப் போட்டிக்கு 'எல்லைப் போர்' என்றே பெயர். உண்மையான யுத்தத்தில் உண்மையான வாலிபர்கள் மடிந்துகொண்டிருக்கும்போது இந்தப் பெயர் தகாது என்று 2004-இல் அதை மாற்றினார்கள். ஆனால் பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது. மனத்தை மாற்றுவது அரிது. லாரன்ஸ் நகரம் பற்றி எரியும் சித்திரத்தை அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு பந்தயம் பார்க்க வந்தவர்கள் இந்த நூற்றாண்டிலும் உண்டு. 150 பேரின் சாவு அவர்களுக்கு ஒரு பரிகாசம்! 2012-இல் மிசௌரி வேறு பந்தயக் கூட்டமைப்புக்குப் போனதால் கூடைப்பந்துப் போட்டி நின்றது. 2021 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது.

இனி நம்மவர்களைப் பார்ப்போம். தமிழர்களிடையே கலாசாலைப் போட்டி என்றால் முதலில் யாழ்ப்பாணத்தைச் சொல்லவேண்டும். 1816-இல் மெதடிஸ்டுப் பாதிரிமார் தொடங்கிய மத்திய கல்லூரிக்கும், 1823-இல் சர்ச்சு மிஷன் பாதிரிமார் தொடங்கிய பரி யோவான் கல்லூரிக்கும் 1904 முதல் கிரிக்கெட் பந்தயம் நடக்கிறது. 'வடக்கின் பெரும் போர்' என்று அதற்குப் பெயர். ஆடியது வெள்ளைக்காரன் ஆட்டம். பள்ளிகள் வெள்ளைக்காரப் பாதிரியின் பள்ளிகள். ஆனாலும் கொடியும் மேளமும் ஊர்வலமுமாக அதைச் சுற்றி யாழ்ப்பாணத்தார் எழுப்பியது நம் ஊர்த் தேர்த் திருவிழாவை. உண்மையான போர் அந்த மண்ணை வாட்டிய காலத்தில் சில வருஷங்கள் 'பெரும் போர்' நடக்கவில்லை. துப்பாக்கி வெடிக்கும் ஊரில் பந்து அடிக்க முடியாது அல்லவா? இன்றோ, சிதறிப்போன பழைய மாணவர்கள் கடல் கடந்து அந்த ஆட்டத்துக்காக ஊர் திரும்புகிறார்கள். போர் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் மிச்சமிருக்கும் இன்பமான பொருள் இது ஒன்றுதான்.

சென்னையிலும் ஒரு போட்டி இருந்தது. சேப்பாக்கம் மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் கூடாரத்துக்குள் அமர, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் இருக்கவேண்டியிருந்த காலம் அது. மானமுள்ள புச்சிபாபு நாயுடு 1888-இல் சென்னை ஐக்கிய சங்கத்தை நிறுவினார். 1908-இல் அவர் காலமானார். பிறகு பொங்கல் சமயத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நடந்த ராஜதானிப் பந்தயம் அவர் கண்ட கனவின் பலன். கரும்பு தின்றுகொண்டு அதைப் பார்க்கப் போன ஜனங்கள் நம்முடையவன் ஒருவன் பந்தை எல்லைக்கு அனுப்பியபோது செய்த ஆரவாரத்தில், எத்தனையோ மேடைப் பிரசங்கங்களில் இல்லாத சுதந்திர வேட்கை இருந்திருக்கும். அந்த ஆரவாரம் யாருடைய தெருவையும் இழிவுபடுத்தவில்லை, குனிந்திருந்தவனை நிமிர்த்தியது.

கூடைப்பந்து நம்மிடையே வேரூன்றியதற்கும் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. நெய்ஸ்மித்தின் ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் வாலிபர் சங்கத்தின் தேகப்பயிற்சிக் கலாசாலையைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஜில்லா ஜில்லாவாகப் போய்ப் பள்ளிக்கூட மைதானங்களில் கம்பம் நட்டார்கள். ஆட்டம் இப்படி வெளியிலிருந்து வந்தது. பறையோ தருமபுரியில் முன்னமேயே இருந்தது. விசிலும் இருந்தது: எருது விடும் விழாவில் தன் ஊர்க் காளைக்காக அடிக்கிற விசில்தானே அது?

ஆகவே பெரியவருக்கு என் பதில் இது: "ஐயா, கூச்சலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நம் பாட்டன் சொத்து. கூச்சலை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் நாம் சொல்லிக்கொடுக்கத் தவறிவிட்டோம்."

இது சின்ன விஷயமன்று. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் வர்ணத்தினால் மாணவர்கள் தங்கள் சாதியைத் தெரிவித்துக்கொள்வதைக் கண்டு, 2019-இல் தமிழ்நாட்டுக் கல்வி இலாகா அதைத் தடுக்கச் சுற்றறிக்கை விடவேண்டி வந்தது. 2024-இல் நீதிபதி சந்துரு குழுவும் அந்தக் கயிறுகளைத் தடை செய்யவேண்டுமென்று சிபாரிசு செய்தது. வாலிபர்களுக்கு ஒரு வர்ணம் வேண்டியிருக்கிறது, அது இயற்கை. கலாசாலையின் வர்ணத்தை நாம் கொடுக்காவிட்டால் சாதியின் வர்ணத்தை அவர்களே தேடிக்கொள்கிறார்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரே பறைக்கு ஆடி, ஒருவன் போட்ட பந்துக்காக எல்லோரும் தொண்டை கட்டிப்போகக் கத்துவார்களானால், அதைவிடச் சிறந்த சீர்திருத்தச் சங்கம் எது? அதே பறை எதிரியின் தெருவைச் சுட்டி ஒலிக்குமானால், நெய்ஸ்மித் கூடையை உயரத்தில் கட்டியதற்கு என்ன பிரயோசனம்?

பழைய இலக்கணக்காரர்கள் ஒரு பூவைப் பற்றி அழகான விதி செய்திருக்கிறார்கள். வெட்சி ஒருவனுக்கு, கரந்தை மற்றவனுக்கு என்று பிரித்தவர்கள், இரண்டு சேனைகளும் களத்தில் நேருக்கு நேர் நின்று பொரும்போது இரு தரத்தாரும் ஒரே பூவைச் சூடவேண்டும் என்றார்கள். அதுதான் தும்பை. எதிரியும் தன்னைப் போன்ற வீரனே என்பதற்கு அடையாளமான வெள்ளைப் பூ. தருமபுரியில் வயல் வரப்புகளில் அது தானாகவே முளைக்கிறது. விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

அடுத்த பந்தயத்துக்கு நம் பிள்ளைகள் போகும்போது, வர்ணத் துண்டு ஒரு தோளில் இருக்கட்டும். காதோரத்தில் ஒரு தும்பைப் பூவும் இருக்கட்டும். பெரியவர் கடைசிவரையில் உட்கார்ந்து பார்ப்பார்.