குடிக்கூலிக் கணினியும் தமிழர் தன்னுரிமையும்

பெசன்ட் நகரில் இராசாசி பவன் என்னும் நடுவணரசுக் கட்டடத் தொகுதி நிற்கின்றது. 1938-இல் நம் பள்ளிகளில் இந்தியைத் திணித்தவர் பெயர் தில்லியாரின் கட்டடத்திற்குப் பொருத்தமே! ஆயின் அதனுள் அமைந்த தேசியத் தகவலியல் நடுவத்தில், திறவூற்று மென்பொருள்களை அரசுப் பணிக்குக் கொணர்தற்கெனவே ஒரு தனிப்பிரிவு இயங்கிற்று. 2015-இல் நடுவணரசு அத்தகைய மென்பொருளுக்கே முதலிடம் தருதல் வேண்டுமெனக் கொள்கையும் வகுத்தது. அயலான் பூட்டிய இயங்குதளத்தை நம்பியிருத்தல் கேடு என்பது தில்லிக்கே விளங்கிவிட்டது. அக் கட்டடத்திற்குக் கூப்பிடு தொலைவில் வாழும் தமிழனுக்கோ இன்னும் விளங்கவில்லை. தனித்தமிழ் முழங்கும் அன்பர் பலர் வீட்டுக் கணினியிலும் விண்டோசே வீற்றிருக்கின்றது.

விண்டோசு என்பதற்குப் பலகணிகள் என்று பொருள். பலகணிகளைப் பலவாக வைத்து, வாயிற்கதவின் திறவுகோலை மட்டும் வீட்டுக்குரியவனிடம் கொடாத வீடு அது! 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்குரிய வழக்கமான காப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்டு நிறுத்தியது. அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட காப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகளை ஏலாது. நேற்றுவரை நன்கு உழைத்த பொறி, கடல் கடந்த ஓர் அறிவிப்பால் கழிபொருள் ஆயிற்று. காசு கொடுத்து வாங்கியதற்கே இந் நிலையெனின், அஃது உடைமையா, குடிக்கூலியா? காசு கொடாமல் திருட்டுப்படி வைத்திருப்போரும் நம்மிடையே உளர். களவாடி அணிந்தாலும் விலங்கு விலங்கே.

1983-இல் இரிச்சர்டு சுடால்மன் அறிவித்த குனூத் திட்டமும், 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு வெளியிட்ட கருவகமும் இணைந்ததே இலினக்சு. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தமிழர்க்கு இதனால் வரும் பயன் பெரிது. விண்டோசின் தமிழ்ப் பட்டியில் வடசொல்லோ பிழைச்சொல்லோ கண்டால் நாம் என்செய வல்லோம்? முறையிடலாம், ஏற்பதும் தள்ளுவதும் அவன் விருப்பம். இலினக்சின் தமிழாக்கமோ தன்னார்வலர் கையில் உள்ளது. மொழியறிந்தார் எவரும் சேர்ந்து சொல்லைச் செப்பஞ் செய்யலாம். அங்குத் தமிழ் இன்னும் அரைகுறையாய்க் கிடக்கின்றதெனின், அப் பழி நம் புலவர்களையே சாரும்!

கேரளத்தார் தம் பள்ளிக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றி, அரசின் கைட் நிறுவனத்தின் வழியே தமக்கெனத் தனித்தொகுப்பும் ஆக்கிக்கொண்டனர். இங்கும் வாய்ப்புக்குக் குறைவில்லை. சென்னைச் சி-டாக்கு ஆக்கிய பாசு இலினக்சு 2007-இல் வெளிவந்தது. உமாசங்கர் மேலாண் இயக்குநராயிருந்த காலத்தில் எல்காட்டு தன் அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டியது. 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும் பாசும் அருகருகே வைக்கப்பட்டன. வைத்ததோடு சரி! எத்துணை ஆசிரியர் அவ் இரண்டாவதைத் திறந்து காட்டினர்?

ஓரிரவில் மாறவேண்டுவதில்லை, பதறி மாறுவோர் பதறியே திரும்புவர். முதலில் விண்டோசிலேயே பயர்பாக்சு உலாவியையும் இலிப்ரே ஆபிசையும் நிறுவிச் சில திங்கள் பழகுக. இவை இலினக்சிலும் இவ்வாறே இருக்குமாதலின் கை தடுமாறாது. அடுத்ததே தலையாய பணி. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகளையும் பாக்களையும் ஒருங்குறிக்கு மாற்றுக. அவ் எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறுங் குப்பையாகத் தோன்றும். இருபதாண்டு உழைப்பு அங்ஙனம் மாய்தல் தகுமா? பின்னர் விரலியில் இலினக்சை ஏற்றி, வட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். பிடித்தபின் இரண்டையும் அருகருகே நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகை அங்கும் உண்டு.

இடர்ப்பாடே இல்லையெனல் பொய். இதழ்ப் பக்கம் கோப்பார் கைப்பழகிய பேச்மேக்கரும் இன்டிசைனும் இலினக்சுக்கென வரவில்லை. சுகிரைபசு என்னும் கட்டற்ற மென்பொருளைப் பழகக் காலம் பிடிக்கும். அதுவரை அவ் ஒரு பணிக்கு மட்டும் பழைய கணினியொன்றை, இணையத்தில் இணைக்காது, வைத்துக்கொள்க. மடலெழுதவும் வீட்டுக்கணக்கு எழுதவும் பாடக்குறிப்பு எழுதவும் அயலானுக்குக் குடிக்கூலி எதற்கு?