கேட்பாரற்றவர்களிடம் பெற்ற கல்வி

தோலின் அடியில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எந்த இரத்தக்குழாய் எதன் பின்னால் மறைந்திருக்கிறது என்பதை அறுவை மருத்துவர் புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்பதில்லை. மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில், உடற்கூறியல் கூடத்தில், இறந்த ஒரு மனிதரின் உடலைப் பகுதி பகுதியாக அறுத்துப் பார்த்தே அந்தக் கல்வியைத் தொடங்குகிறார். நமக்குச் சிகிச்சை அளிக்கும் கைகளுக்கு, நாம் அறியாத ஒருவரின் உடல் ஆசிரியராக இருந்திருக்கிறது. அந்த ஆசிரியர் யார்? அவர் தாமே விரும்பி அங்கே வந்தாரா? சிகிச்சையால் பயன்பெறும் நாம் இக்கேள்வியை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மனித உடலை நேரில் பார்த்துக் கற்பதன் தேவை நெடுங்காலத்துக்கு முன்பே உணரப்பட்டது. கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதிய நூல்களையே ஐரோப்பிய மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்தனர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கருத்து. மனித உடல்களை அறுத்துப் பார்த்த வெசாலியஸ், 1543ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று காட்டினார். ஆயின், அவர் அறுத்த உடல்களில் பல, தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளுடையவை. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

பிரிட்டனில் 1752ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களை அறுத்துப் பார்ப்பதற்கு வழிசெய்தது. மருத்துவப் பள்ளிகள் பெருகியபோது அந்த எண்ணிக்கை போதவில்லை. கல்லறைகளைத் தோண்டி உடல்களைத் திருடி விற்பது ஒரு தொழிலாயிற்று. எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் 1828ஆம் ஆண்டளவில் 16 பேரைக் கொன்று, அவ்வுடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றனர். இக்கொடுமைகளைத் தடுக்க 1832ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உறவினர் எவரும் உரிமை கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அளித்தது. கொலையாளிக்குத் தண்டனையாக இருந்தது, அதன்பின் ஏழைக்கு விதியாயிற்று. அதே ஆண்டில் இறந்த ஜெரமி பெந்தாம் என்னும் சிந்தனையாளர், தம் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று தாமே உயில் எழுதி வைத்திருந்தார். அவரைப் போன்றோர் அன்று அரியர்.

இந்திய வரலாறும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிதர் மதுசூதன் குப்தா 1836ஆம் ஆண்டு மனித உடலை அறுத்துக் கற்பிக்கும் முறைக்கு வழிகாட்டினார். சமூகத் தடையை மீறிய துணிவுச் செயலாக அது இன்றும் போற்றப்படுகிறது. அக்கல்விக்கு உடல்கள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நாமும் பிரிட்டனின் விடையையே ஏற்றுக்கொண்டோம். தமிழ்நாட்டில் 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம், உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் கல்விக்கு அளிக்க வழிசெய்கிறது.

அச்சட்டத்தை நான் குறைகூறவில்லை. அதனால் பயின்ற மருத்துவர்கள் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளனர். எனினும், பேருந்து நிலையத்தின் ஓரத்தில் தனியாக இறந்துபோகும் ஒரு முதியவர் இதற்கு இசையவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவரிடம் எவரும் கேட்கவே இல்லை. கேட்கத் தக்க வாயும், சொன்னதை நிறைவேற்றக் குடும்பமும் உள்ள நாம், அவர் உடலால் விளைந்த பயனை மட்டும் பெற்றுக்கொள்கிறோம். இந்தச் சுமையில் ஒரு பங்கை, மனமறிந்து முடிவெடுக்க வல்லவர்கள் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. தேவர்களுக்குத் தம் எலும்பை அளித்த ததீசி முனிவரின் கதையிலும், அவரிடம் முதலில் வேண்டுகோள் வைக்கப்படுகிறது. அவர் உவந்து தந்ததனாலேயே அது கொடை எனப்படுகிறது.

கணினிப் படங்கள் வந்துவிட்ட காலத்தில் இறந்தவர் உடல் இன்னும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட முழு ஆண் உடலின் கணினிப் படத் தொகுப்பு, உலகெங்கும் மருத்துவக் கல்விக்குப் பயன்பட்டது. அதுவும் உடலை அறிவியலுக்கு அளிக்க இசைந்த ஒருவரின் உடலை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவி எடுத்த படங்களால் ஆனதே. மேலும், ஒரே படம் எல்லா மனிதருக்கும் பொருந்தாது. பித்தப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாயும் பித்த நாளமும் ஆளுக்கு ஆள் அமைப்பில் மாறுபடுகின்றன. பித்தப்பையை அகற்றும்போது இம்மாறுபாட்டை அறியாத கை, தவறான நாளத்தை வெட்டிவிடக்கூடும். பல உடல்களைக் கண்ட கண்ணே அங்கே நோயாளியைக் காக்கிறது.

உடல் தானத்தின் பயன் முதலாண்டு மாணவரோடு முடிவதும் இல்லை. காதின் பின்னுள்ள எலும்பைத் துளையிட்டுச் செய்யும் அறுவையில், முகத்தை இயக்கும் நரம்பு மிக அருகில் செல்கிறது. அந்நரம்பு பழுதுபட்டால் முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும். ஆதலால் காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள், உயிருள்ளவரைத் தொடுமுன், தானமாகப் பெற்ற எலும்பில் பலமுறை பயில்கின்றனர். மூட்டு மாற்று அறுவையும் நுண்துளை அறுவையும் இவ்வாறே பழகப்படுகின்றன. சாலையில் நம்மைக் காக்கும் அறிவும் இதில் அடங்கும். எவ்வளவு வேகமான மோதலை மண்டையோடு தாங்கும் என்பதை, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்தோரின் உடல்களைக் கொண்டே அளந்தறிந்தனர்.

பெற்றுக்கொள்வோருக்கும் கடமை உண்டு. தாய்லாந்து மருத்துவ மாணவர்கள் தமக்குக் கிடைக்கும் உடலைப் ‘பேராசான்’ என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் அது ‘மௌன ஆசான்’ எனப்படுகிறது. அங்கே மாணவர்கள் கொடையாளரின் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டறிகின்றனர். இத்தகைய மரியாதை எங்கும் உறுதிப்பட்டால், கொடுக்கத் தயங்கும் குடும்பங்களின் மனம் ஆறுதல் பெறும்.

அத்தயக்கம் இயல்பானது. கொள்ளி வைக்க வேண்டும், அஸ்தியைக் கரைக்க வேண்டும், சென்று வணங்க ஒரு கல்லறை வேண்டும் என்பவை ஏளனத்துக்குரியவை அல்ல. உடலை ஒப்படைக்குமுன் வீட்டில் சடங்குகளைச் செய்துகொள்ளலாம். கல்வி முடிந்தபின் எஞ்சியவை எவ்வாறு அடக்கம் செய்யப்படும் என்பதையும் கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டறியலாம். மேற்கு வங்க முன்னாள் முதலமைச்சர் ஜோதி பாசு 2010ஆம் ஆண்டு மறைந்தபோது, பெருந்திரளான மக்கள் அஞ்சலி செலுத்திய பின்னரே அவருடைய உடல் கொல்கத்தாவில் மருத்துவமனையிடம் ஒப்படைக்கப்பட்டது. உடல் தானம் இறுதி மரியாதைக்குத் தடையன்று.

விரும்புவோர் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் பெற்று, சாட்சிகளுடன் கையொப்பமிட்டு அளிக்க வேண்டும். படிவத்தைவிட இன்றியமையாதது குடும்பத்தாரின் இசைவு. உடலைக் கொண்டு சேர்ப்பவர்கள் அவர்களே. அவர்கள் மறுத்தால், நடைமுறையில் கொடை நிறைவேறாது. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடல்களும், சில தொற்றுநோய் உள்ளோரின் உடல்களும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. கண்களை, இறந்த ஆறு மணி நேரத்துக்குள் தானமளித்துவிட்டு, உடலையும் அளிக்கலாம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை மற்றொருவருக்குப் பொருத்தும் உறுப்பு தானம் வேறு. அதன் விதிகளும் வேறு. கல்லூரிக்குக் கல்லூரி நெறிமுறைகள் சிறிது மாறுபடும் என்பதால் நேரில் விசாரிப்பது நலம்.

இவையெல்லாம் நோயாளியிடம் எதிர்பார்க்கப்படும் கைம்மாறு அல்ல. சிகிச்சையில் இருப்பவரிடமோ, துயரத்தில் நிற்கும் குடும்பத்திடமோ இதை வற்புறுத்தவும் கூடாது. உடல் நலத்தோடும் மனத்தெளிவோடும் இருக்கும் ஒரு நாளில், வீட்டார் கூடியிருக்கும்போது, “எனக்குப் பின் என் உடலை இன்னது செய்யுங்கள்” என்று சொல்லிவிடுவதே போதும். அது தானமாயினும், தகனமாயினும், அடக்கமாயினும், பிள்ளைகள் பின்னர்த் தமக்குள் வாதிட நேராது. வேண்டாம் என்று முடிவு செய்வோரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. மறுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கேட்பாரற்று இறந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. முடிவெடுக்கும்போது அவர்களையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.