கடற்பாலத்துக்கு அப்பால் கூலி

ஜோகூர் பாரு நகரில் பொழுது புலர்வதற்கு வெகு முன்னதாகவே சாலைகள் நிரம்பிவிடுகின்றன. மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக ஜனத்திரள் சிங்கப்பூரை நோக்கிக் கடற்பாலத்தைக் கடக்கிறது. 1924-ம் வருஷம் திறப்பு விழா நடந்த அப்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதைக் கடக்கவோ சில நாட்களில் இரண்டு மணி நேரமும் போதாது. கங்காணிகள் திரட்டிச் சென்று மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இறக்கிய நம் மக்களின் வழித்தோன்றல்களும் இக்கூட்டத்தில் உண்டு. ஆதலின் இது அயலார் விவகாரமென்று நாம் வாளாவிருப்பதற்கில்லை.

சொந்த நாட்டில் வேலையில்லையா என்று கேட்பாருண்டு. வேலை உண்டு, கூலிதான் போதவில்லை. 2025-ல் மலேசிய சர்க்கார் விதித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இவ்விரு நாணயங்களும் 1973 வரையில் சரிக்குச் சரியாக மாறிவந்தவை! அக்கரையில் சம்பாதித்து இக்கரையில் செலவழிப்பவன் இரட்டிப்பு லாபம் பெறுகிறான் என்று மேலெழுந்தவாரியாகத் தோன்றும். ஆள் கிடைக்கவில்லையென்று புலம்பும் ஜோகூர் முதலாளிகள் கூலியை உயர்த்திப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

அந்த லாபத்தின் மறுபுறத்தையும் பார்ப்போம். அங்கு வேலை உத்தரவுச் சீட்டுக்கு மனுச் செய்பவர் தொழிலாளி அல்லர், முதலாளியே. சீட்டு அந்த வேலையோடு பிணைந்தது. வேலை போனால் சீட்டும் போயிற்று. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியோ பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. மலேசியச் சேமநிதியிலும் தாமாகவே பணம் கட்டினாலன்றிப் பங்கில்லை. முப்பது வருஷம் பாலத்தைக் கடந்தவன் முதுமையில் எதைக்கொண்டு ஜீவிப்பது? பிறர் வளர்த்துப் படிக்கவைத்த ஆளை, வீடு கொடுக்கும் பொறுப்புமின்றிச் சிங்கப்பூர் பெறுகிறதென்பதை மறுக்க முடியுமா?

2020 மார்ச் 18-ல் கொள்ளைநோயின் நிமித்தம் மலேசியா எல்லையை மூடியது. முந்தின இரவு கையில் அகப்பட்ட துணியோடு அக்கரைக்கு ஓடியவர்களில் சிலர் ரயில் நிலையத்தருகே தரையில் படுத்தனர். பாலம் எல்லோருக்குமாக மறுபடி திறந்தது 2022 ஏப்ரலில்தான். பெற்ற குழந்தையின் முகத்தைத் தொலைபேசியில் மட்டுமே கண்டவர் பலர்.

2025 ஜனவரியில் இரு சர்க்காரும் விசேஷப் பொருளாதார மண்டலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. மணிக்கு ஒவ்வொரு திசையிலும் 10,000 பேரை ஏற்றத் திட்டமிட்ட ரயில்பாதையையும் வகுத்தன. இவற்றை நாம் வரவேற்கிறோம். மூலதனத்துக்கு வழிசெய்தவர்கள் உழைப்பாளியின் சேமநிதிக்கும், எல்லை மூடும் நாளில் அவன் கூலிக்கும் குடும்பத்துக்கும் ஒரு ஷரத்து எழுதக்கூடாதா? அடுத்த பேச்சுவார்த்தையில் இதை முதல் விஷயமாக எழுப்புமாறு இரு கரையிலுமுள்ள தொழிற்சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.