திருவோணத்தைக் கேட்காதவர்கள்

“ஏசி ஓடுற சத்தம் மாதிரி இருக்கு.” ராபர்ட் ஃப்ரிப்பின் கிதாரும் பிரையன் ஈனோவின் மின்னணு ஒலிகளும் சேர்ந்த ‘தி ஈக்வடோரியல் ஸ்டார்ஸ்’ ஆல்பத்துக்கு மங்காஃப் நண்பர்கள் தந்த தீர்ப்பு இது. கச்சேரி முழுக்கத் தம்புரா ஒரே இடத்தில் நிற்பதைக் குறையென்று சொல்லாத காதுகள்!

இன்னொரு புகார்: பழைய வேகம் இல்லையாம். 1973இல் ஈனோ இரண்டு டேப் ரிக்கார்டர்களைப் பிணைத்து, ஃப்ரிப்பின் கிதாரை அதன்மேலேயே திரும்பத் திரும்ப அடுக்கினார். 1975இல் அடுத்த தொகுப்பு. அதற்குப் பிறகு இது வர 2004 ஆகிவிட்டது. இருபத்தொன்பது வருடம் கழித்து மறுபடி ஜோடியாக ஆல்பம் போடுபவர்கள் விட்ட இடத்திலிருந்து கத்திப் பேச வேண்டுமா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற நமக்கே, பழைய கூட்டாளியோடு திண்ணையில் உட்கார்ந்தால் முதல் அரைமணி பேச்சு வருவதில்லை. அதை நட்பு செத்துவிட்டதென்றா சொல்கிறோம்?

பாடல்களுக்கு விண்மீன்கள், விண்மீன் கூட்டங்களின் பெயர்கள். அவற்றில் மெய்ஸாவும் அல்டேரும் நாம் பிழைக்க வந்த இந்த அரபு மண்ணின் சொற்கள். நம் பஞ்சாங்கத்தில் மெய்ஸா மிருகசீரிடம்; அல்டேர் திருவோணம்.

ஏசி என்று சொன்ன நண்பரின் நட்சத்திரம் திருவோணம்தான். அந்தப் பாடல் வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.