வீட்டுக்காரர் இல்லாத வீடு

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. கோப்பின் மேலே 'பொருள்' என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கோப்புக்குள்ளும் இருக்க வேண்டும். மேலே 'ஓய்வூதியம்' என்று எழுதிவிட்டு உள்ளே நாற்காலி வாங்கிய ரசீதை வைத்தால், எழுதியவனுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். கொடைக்கானலில் இன்று பார்க்கும் இடமெல்லாம் தொங்கும் 'ஹோம்ஸ்டே' பலகைகளுக்கு அப்படி ஒரு குறிப்பாணை கொடுக்க ஆள் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். பலகையில் வீடு இருக்கிறது. உள்ளே போனால் வீட்டுக்காரர் இல்லை.

ஹோம்ஸ்டே என்றால் என்ன? ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டில் மிச்சமுள்ள ஓரிரு அறைகளை வழிப்போக்கருக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது. இது என் சொந்த அகராதி அல்ல. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு பெற வேண்டுமானால், வாடகைக்கு விடும் அறை ஒன்றுக்குக் குறையக்கூடாது, ஆறுக்கு மிகக்கூடாது. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்கவும் வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் உயிர். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது லாட்ஜ்.

நான் புதுச்சேரிக்காரன். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'ஓட்' என்று ஒரு சொல் உண்டு. விருந்து கொடுப்பவருக்கும் அதே சொல், விருந்துக்கு வருபவருக்கும் அதே சொல். சிறுவயதில் எங்களுக்கு அது பெரிய குழப்பம். இப்போது யோசித்தால், இருவரில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கும் அந்தப் பெயர் பொருந்தாது என்றுதான் படுகிறது. தமிழில் மட்டும் என்ன குறை? திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று ஒரு அதிகாரமே, ஒன்பதாவதாக, இல்லறவியலில் இருக்கிறது. இல்லறம் நடக்காத இடத்தில் விருந்து ஏது?

சட்டத்தையும் அந்தச் சொல்லை ஒட்டியே பிரெஞ்சுக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே 'ஷாம்ப்ர் டோட்' என்று ஒரு வகை. வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே விருந்தினரை வரவேற்க வேண்டும், காலை உணவு தர வேண்டும். 5 அறை, 15 பேர், அதற்கு மேல் கூடாது. நகராட்சிக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் இல்லாமல் வாடகைக்கு விடும் வீட்டுக்கு வேறு பெயர், வேறு விதி. பாரிஸில் ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டையே முழுதாக வாடகைக்கு விட்டாலும் ஆண்டுக்கு 120 நாள்தான் என்று வரம்பு வைத்தார்கள். நகராட்சி விரும்பினால் அதை 90 ஆகக் குறைக்கலாம் என்று 2024 நவம்பரில் புதுச் சட்டமும் வந்தது. இரண்டு வேறு தொழில்களை ஒரே பலகைக்குக் கீழே நடத்த அவர்கள் விடவில்லை.

பாரிஸில் லா ஷப்பேல் பகுதியை நம் ஆட்கள் பலர் அறிவார்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள், கொத்து ரொட்டிச் சத்தம், புடவைக்கடை, பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனபோது அங்கே ஒரு ஈழத்துக் குடும்பத்தின் வீட்டில் ஆறு இரவு காசு கொடுத்துத் தங்கினேன். அறை சிறியது, படுக்கை அதைவிடச் சிறியது. முதல் நாளே அந்த வீட்டு அம்மா சொன்னார்: "ஐயா, பத்து மணிக்குப் பிறகு குளிக்காதேங்கோ. கீழ்வீட்டு மனுசிக்குத் தண்ணிச் சத்தம் கேக்கும், பாவம், விடிய வேலைக்குப் போறவ." விருந்தினருக்கும் அக்கம்பக்கத்துக்கும் நடுவில் ஒரு மனுஷி நின்றாள். அவ்வளவு இரைச்சலான தெருவில் அந்தக் கட்டடத்தில் யாரும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை என்றால் அதுதான் காரணம்.

இப்போது நம் மலைக்கு வருவோம். சென்ற கோடையில் நானும் மனைவியும் கொடைக்கானல் போனோம். பேத்தி கைப்பேசியில் 'ஹோம்ஸ்டே' என்று பார்த்துப் பதிவு செய்து கொடுத்தாள். போய் இறங்கினால் மூன்று மாடிக் கட்டடம். சாவி மின்மீட்டர் பெட்டிக்குள் இருப்பதாக ஃபோனில் ஒரு குரல். அந்தக் குரலுக்குரியவர் இருப்பது கோயம்புத்தூரில். பொறுப்பாளர் என்று ஒரு பையன், அந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்தேன்: பதினோரு அறைகள். வெந்நீர் கேட்டால், "லாரி இன்னும் வரல சார்" என்கிறான். கீழ் அறையில் எட்டு இளைஞர்கள், ஸ்பீக்கர், இரவு ஒன்றரை மணி வரை பாட்டு. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். யாரிடம் சொல்வார்? அந்தப் பையனிடமா, கோயம்புத்தூர்க் குரலிடமா?

பிறகு பூம்பாறையில் இரண்டு இரவு. மலைப்பூண்டுக்குப் பெயர் போன ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். படிப்படியாக வெட்டிய வயல்களைப் பார்த்தபடி ஒரு விவசாயக் குடும்பத்தின் வீடு. வாடகைக்கு இரண்டே அறை. கட்டணமும் குறைவு. அந்த வீட்டுப் பெண்மணி இரவுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இருட்டினப்புறம் வெளிய வராதீங்க, காட்டெருமை தோட்டத்துப் பக்கம் நிக்கும். அம்மாவுக்குக் குளிருச்சுன்னா ஒரு குரல் கொடுங்க, இன்னொரு கம்பளி தர்றேன். கரியடுப்பை மட்டும் உள்ள வச்சுக் கதவைச் சாத்திராதீங்க."

இந்த மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதி மாட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அடுப்புக்கரி மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மாலையில் இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் இழுத்துக்கொண்டு உயிரை விட்டவர்கள் இந்த மலையில் உண்டு. கடற்கரையிலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு வந்து நிற்பவனுக்கு இந்தக் குளிரும் தெரியாது, காட்டெருமையும் தெரியாது. தெரிந்த ஒருவர் அதே கூரையின் கீழ் தூங்க வேண்டும். வீட்டுக்காரர் என்பவர் அலங்காரத்துக்கு அல்ல.

இது சுற்றுலாப் பயணியின் சௌகரியத்தைப் பற்றிய புலம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மலைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஐந்து பேருக்கென்று தோண்டிய கழிவுக்குழியில் வார இறுதியில் நாற்பது பேருடைய கழிவு இறங்குகிறது. மலையில் கழிவு நின்ற இடத்தில் நிற்காது, சரிவைத் தேடி ஓடும். 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரியின் உபரி நீர்தான் கீழே வெள்ளி அருவியாக விழுகிறது. நாம் காரை நிறுத்திப் படம் எடுக்கும் அருவி. மேலே செய்வது கீழே வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்தது, குடியிருப்பு. டீக்கடையில் பேச்சுக் கொடுத்தபோது ஒருவர் சொன்னார், மாத வாடகைக்கு வீடு கேட்டால் இப்போது சிரிக்கிறார்களாம். இரண்டு சனி ஞாயிறில் மாத வாடகை வந்துவிடும்போது யார் ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் வீடு கொடுப்பார்கள்? மின்சாரக் கணக்கையும் ஒரு முன்னாள் எழுத்தன் என்ற முறையில் கேட்கிறேன். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம் என்று அரசு தருவது குடும்பம் நடத்துகிறவருக்கு. பதினோரு அறையில் கீசர் ஓட்டுகிறவர் வீட்டு இணைப்பில் அதை அனுபவித்தால், அது யார் வீட்டுப் பணம்?

கொடைக்கானலுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. 1993இலேயே முழுமைத் திட்டம் வந்தது. அதை மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைத்தது. நல்லதுதான். ஆனால் வண்டி என்பது வந்து போவது. தங்கும் கட்டில் அங்கேயே இருந்து தண்ணீர் கேட்கிறது. வண்டியை எண்ணியவர்கள் கட்டிலையும் எண்ண வேண்டும்.

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது, "ஏழைபாழைகள் பிழைக்கிற பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே!" இல்லை ஐயா. ஏழையின் பிழைப்புக்காகத்தான் பேசுகிறேன். பூம்பாறைப் பெண்மணி இரண்டு அறையை வைத்துக்கொண்டு பதினோரு அறைக்காரரோடு ஒரே பெயரில், ஒரே கைப்பேசித் திரையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. அவருடைய பெயரைப் பணக்காரர் எடுத்துக்கொண்டார். பெயரைத் திருப்பிக் கொடுத்தால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது, "எல்லாரும் நட்சத்திர ஹோட்டலில் தங்க முடியுமா? மலிவாக ஒரு இடம் வேண்டாமா?" வேண்டும். என் ஓய்வூதியத்துக்கும் அதுதான் கட்டுபடியாகும். ஆனால் பதினோரு அறைக்காரரிடம் நான் கொடுத்தது பூம்பாறையில் கொடுத்ததைவிட அதிகம். மலிவு என்பது உரிமம், தீயணைப்பு வசதி, கழிவு வசதி எல்லாவற்றையும் தவிர்த்த லாட்ஜுக்குக் கிடைக்கிற லாபம். அந்த மலிவு நம் கைக்கு வருவதில்லை.

லாட்ஜ் நடத்துவது பாவமல்ல. லாட்ஜ் என்று எழுதி, லாட்ஜுக்குரிய உரிமமும் வரியும் மின்கட்டணமும் செலுத்தி நடத்தட்டும். ஹோம்ஸ்டே என்ற பெயர் வேண்டுமென்றால் உரிமையாளர் குடும்பம் அங்கே வசிக்க வேண்டும், அதை ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். பதிவு எண்ணை வாசலிலும் விளம்பரத்திலும் போட வேண்டும். எண் இல்லாத வீட்டைக் கைப்பேசிச் செயலிகள் காட்டக் கூடாது. இதற்குப் புதிய துறையோ புதிய அமைச்சரோ தேவையில்லை. ஒரு பதிவேடும், அதைப் பார்த்துக்கொள்ள நேர்மையான ஒரு எழுத்தரும் போதும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அடுத்த முறை மலைக்குப் போகப் பதிவு செய்வதற்கு முன் ஃபோன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் வருகிற அன்று ராத்திரி நீங்கள் அந்த வீட்டில் இருப்பீர்களா?" ஆமாம் என்று சொல்பவரிடம் போங்கள். கொஞ்சம் தயங்கி, "பையன் இருப்பான் சார்" என்று சொன்னால், வேறு இடம் பாருங்கள். பூம்பாறையில் இரண்டு அறை எங்காவது காலியாக இருக்கும்.